வீடு என்று நான் எழுதவில்லை

எதிர்வீட்டு மார்ஜரி தினமும் காலை எட்டு மணிக்குத் தன் சமையலறை ஜன்னல் திரையை மேலே ஏற்றுவார். கயிற்றை இழுத்தால் சுருண்டு ஏறிக்கொள்ளும் வெள்ளைத் திரை. வெளிச்சத்துக்காக ஏற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஓரிகன் மாநிலத்தில் நான் இருக்கும் ஊரில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மழைதான், வெளிச்சம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் உண்டு. திரை ஏறினால் மார்ஜரி உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் பார்ப்பது என் வேலை. நான் குடிவந்த இரண்டாம் மாதம் கதவைத் தட்டி, ஒரு தட்டில் ஆப்பிள் கேக்கையும் அதன் மேல் தன் வீட்டுச் சாவி ஒன்றையும் வைத்துக் கொடுத்து இந்த ஏற்பாட்டைச் சொன்னார். தனக்கு எண்பத்து நான்கு வயது, ஒரே மகன் அரிசோனாவில் இருக்கிறான், எட்டரைக்குள் திரை ஏறவில்லை என்றால் சாவியைப் போட்டு உள்ளே வந்து பார். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று சொல்கிற அதே குரல். அன்றிலிருந்து பல் தேய்த்துக்கொண்டே அந்த ஜன்னலைப் பார்க்கப் பழகினேன்.

உள்ளே அழைத்துப் போய் இன்னொன்றையும் காட்டினார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், வாத்து பொம்மை போட்ட காந்தத்துக்கு அடியில் ஒரு ரோஸ் நிறத் தாள். கண்ணைக் குத்துகிற ரோஸ். ஏதோ கடைத் தள்ளுபடிச் சீட்டு என்று நினைத்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் அது. நெஞ்சு நின்றால் அமுக்க வேண்டாம், குழாய் செருக வேண்டாம், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டு, பேனாவால் குறித்திருந்தது. “என்னைக் கண்டுபிடிக்கிற அன்று முதலில் இதை எடுத்து வருகிறவர்களிடம் காட்டு” என்றார். நம் ஊரில் விளக்கு வைத்த வீட்டில் பேசுகிற பேச்சா இது? பதறிப்போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “அப்படிச் சொல்லாதீர்கள், நீங்கள் நூறு வயது இருப்பீர்கள்” என்று ஆசி மாதிரி சொன்னேன். மார்ஜரியின் முகம் வெளுத்தது. “கடவுளே! அப்படி எதுவும் ஆகிவிடாமல் இருக்கட்டும்” என்றார். நான் அவருக்குச் சாபம் கொடுத்துவிட்டேன் என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

நான் தாம்பரத்துக்காரி. மேற்குத் தாம்பரத்தில், தண்டவாளத்திலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் கார்டு. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் போய்வரும் மின்சார ரயிலில், கடைசிப் பெட்டியில் நின்றபடியே முப்பத்து மூன்று வருஷம் ஓட்டினவர். ஓட்டினவர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “ஓட்றவன் முன்னாடி இருக்கான் பாப்பா. நான் பெல் அடிக்கிறவன்” என்பார். கார்டு பெட்டியிலிருந்து ஒரு பெல் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு பெல் அடித்தால் புறப்படலாம். எங்கள் வீட்டில் அதுவே பாஷை. சாப்பாடு போதும் என்றால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு, கடைக்குக் கிளம்பலாம் என்றால் கதவில் இரண்டு தட்டு. நான் அவருக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தேன். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, முடிந்தும் போயிற்று. அதை இங்கே எழுதப் போவதில்லை.

அம்மா போனபோது நான் ஊரில் இருந்தேன். இருந்து என்ன? பதினோரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே அம்மாவின் வாயில் குழாய், மூக்கில் குழாய், கட்டிலோடு கட்டிய கைகள். மூன்றாம் நாளே மூளை போய்விட்டது என்று டாக்டர் இங்கிலீஷில் என்னிடம் சொன்னார், அப்பாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “எல்லாம் பண்ணுங்க டாக்டர்” என்றேன். பெற்ற பெண் வேறு எப்படிச் சொல்வாள்? எட்டு நாள் ஒரு மிஷின் அம்மாவின் மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததை அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். அந்த எட்டு நாளை நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னாலேயே ஏறி வந்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. தூரத்தில் ஒரு வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“உங்கம்மாவுக்கு ரெண்டு பெல் அடிச்சாச்சு பாப்பா. அப்புறமும் எட்டு நாளு பிளாட்பாரத்துலயே புடிச்சி நிறுத்தி வெச்சிட்டாங்க. எனக்கு அந்த மாதிரி பண்ணிடாத. மிஷினு வாணாம், கண்ணாடி ரூமு வாணாம். என்னை நம்ம வூட்ல விட்டுடு. வண்டி சத்தம் கேட்டுகினே போயிடுவேன்.”

“சும்மா இருங்கப்பா. நல்ல வார்த்தையா பேசுங்க” என்றேன். அவர் பேசியதைவிட நல்ல வார்த்தையை அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. அப்போது அது தெரியவில்லை. துணியை மடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு கவரில் வைத்திருக்கலாம். மார்ஜரியைப் போல் ரோஸ் நிறத்தில்தான் இருக்க வேண்டுமா என்ன, கணக்கு நோட்டுத் தாள் போதாதா?

ஒரு குளிர்காலத்தில் மார்ஜரியின் திரை தாமதமாக ஏற ஆரம்பித்தது. முதலில் எட்டு ஐந்து, பிறகு எட்டு பத்து. ஒரு திங்கட்கிழமை எட்டு இருபத்தைந்துக்குப் பாதி ஏறி அங்கேயே நின்றது. நான் கையில் சாவியோடு மழையில் தெருவைக் கடந்து போனேன். திறப்பதற்குள் அவரே திறந்தார். “தோள் வலிக்கிறது, பாதிக்கு மேல் இழுக்க வரவில்லை. பாதி உயிர் என்று எடுத்துக்கொள்” என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஏனென்றால் அந்த வாரத்தில்தான் தாம்பரத்திலிருந்தும் ஒரு போன் வந்திருந்தது.

பேசியது பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை. அம்மா போன பிறகு அப்பாவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு மதில் மேலாகவே போய்க்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அக்காவாகச் செய்தது. அவர் வீணாகப் பதறுகிற ஆள் இல்லை.

“கீதா, உங்கப்பா வூட்ட தொறந்து போட்டுட்டு போயிடறாரும்மா. எங்கடா காணோமேன்னு பார்த்தா ஸ்டேஷன்ல, பிளாட்பாரம் கடைசியில போயி நின்னுகினு கீறாரு. கார்டு பெட்டி வந்து நிக்குமே, அந்த எடத்துல. நேத்து வண்டி கெளம்பறப்போ கூடவே நடந்திருக்காரு. ஒரு போர்ட்டரு கையப் புடிச்சி இட்டுகினு வந்து வுட்டாரு. எனக்கு பேஜாரா கீது.”

நான் சேகருக்குப் போன் செய்தேன். சேகர் என் சித்தப்பா மகன், சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் திரும்ப இரவாகிவிடும். அவன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். அப்பாவுக்கு என்று ஊரில் இருந்த ரத்த உறவு அவன் ஒருவன்தான், அவன் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “அக்கா, தப்பா எடுத்துக்காத. ஊரப்பாக்கத்துல ஒரு ஹோம் இருக்கு. நல்லா க்ளீனா வெச்சிருக்காங்க. நர்ஸ் இருக்காங்க, ஆக்சிஜன்லாம் இருக்கு. சும்மா பார்த்துட்டு வந்தேன். நீ என்ன சொல்ற?”

ஹோம். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஹோமில் சேர்த்துவிட்டார்கள் என்றால் கேட்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மொட்டைமாடி ஞாபகம் வந்தது. ஆனால் வேண்டாம் என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் பார்ப்பது என்பது. என் விசாப் புதுப்பிப்பு பாதியில் கிடந்தது. அந்தச் சமயத்தில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம் என்று ஆபீஸ் வக்கீல் சொல்லியிருந்தார். எனவே நம் ஆட்களுக்கென்றே இருக்கிற அந்தச் சொல்லைச் சொன்னேன். “பாக்கலாம்டா.” சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. சொன்னவருக்கு ஒரு அர்த்தம், கேட்டவருக்கு ஒரு அர்த்தம், யார் மேலும் பழி வராது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா குளியலறையில் விழுந்தார். தாம்பரத்திலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, கிட்னியும் ஓய்ந்துவருகிறது என்றான் சேகர். நான்கு நாள், தினமும் போன். ஐந்தாம் நாள் எனக்கு மாலை, அவனுக்கு மறுநாள் காலை. டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் வராந்தாவில் நின்று பேசினான். பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். “அக்கா, டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடச் சொல்லிட்டாரு” என்றான். அவன் குரல் கம்மியிருந்தது. தூக்கம் இல்லை, பாவம் என்று நினைத்தேன். அதற்குள் என் போன் கார்டில் நிமிஷம் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

எனக்கு வந்தது சந்தோஷம். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. இந்த நாட்டில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் பலூன் கட்டி, அட்டையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். எட்டு வருஷத்தில் என் காது அதற்குப் பழகிவிட்டது. அடுப்பில் ரவையை வறுத்து ஒரு கேசரி கிளறினேன். கிளறிக்கொண்டே செல்போனை எடுத்துச் சேகருக்கு எஸ்.எம்.எஸ். தட்டினேன். இங்கிலீஷ்தான், தமிழ் எழுத்து அந்தப் போனில் ஏது? “குட் நியூஸ். ப்ளீஸ் டேக் அப்பா டு ஹோம் டுடே இட்செல்ஃப். ஐ வில் கம் இன் த்ரீ வீக்ஸ்.” ‘டேக் அப்பா ஹோம்’ என்றிருந்தால் போதும். அந்த ‘டு’ நம் ஊர்ப் பள்ளிக்கூட இங்கிலீஷில் தானாக வந்து ஒட்டிக்கொள்வது. எட்டு வருஷத்தில் காது மாறியிருந்தது, கை மாறவில்லை.

இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சேகர் எடுத்தான். “சேர்த்தாச்சுக்கா. நீ எஸ்.எம்.எஸ். பண்ண அன்னிக்கே பண்ணிட்டேன். ஜன்னலோரமா பெட் வாங்கிக் குடுத்திருக்கேன்” என்றான். சேர்த்தாச்சா, எதில் என்று கேட்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். ஜன்னலோரம் பெட் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. அவன் மேலும் சொன்னான். “முதல்ல எனக்குப் புரியலக்கா. டாக்டர் அப்படிச் சொல்லிட்டாருன்றேன், நீ குட் நியூஸ்னு போடற. அப்புறம் நினைச்சேன், ஹோம்னா நர்ஸ் இருப்பாங்க, கஷ்டம் தெரியாது, அதான் சொல்றபோலன்னு.”

இந்த இடத்தில் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு, எல்லாம் ஒரு சொல் செய்த கோளாறு என்று முடித்திருக்கலாம். நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அன்று என் கையில் போன் இருந்தது, கார்டில் நிமிஷம் இருந்தது. “டேய், நான் சொன்னது நம்ம வீட்டைடா” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் யோசித்தேன். அங்கே நர்ஸ் இருக்கிறாள். ஆக்சிஜன் இருக்கிறது. ரஹ்மத் அக்காவுக்குப் பாரம் இல்லை, சேகர் மனைவிக்கு மாசம் ஏறியிருக்கிறது. மூன்று வாரத்தில் விசாத் தாள் வந்துவிடும், நானே போய் வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். எல்லாம் நியாயமான காரணங்கள். “சரி, இருக்கட்டும்டா” என்றேன்.

ஹோம் நம்பரை வாங்கி அப்பாவோடு பேசினேன். ஒரு பெண் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. மூச்சு இழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு குரல் வந்தது, பழைய தெளிவோடு வந்தது, அதுதான் என்னால் தாங்க முடியாதது.

“பாப்பா, இது எந்த ஸ்டேஷன்?”

“ஊரப்பாக்கம்ப்பா. கொஞ்ச நாளைக்குத்தான்.”

அவர் மனசுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. “வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். மூணே ஸ்டேஷன். மூணு ஸ்டேஷன் முன்னாடி ஏம்மா எறக்கி விட்டுட்டீங்க?”

நான் வந்துவிடுகிறேன் அப்பா, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியாது. அந்தப் பெண் போனை எடுத்து, “டயர்டா ஆயிட்டாரு மேடம்” என்றாள். மறுநாள் காலை எதிர்வீட்டுத் திரையைப் பார்த்தபடி பல் தேய்த்தேன். எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஏறியது. மூன்று வருஷமாகத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியைத் தினமும் காலையில் வேவு பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

ஹோமில் சேர்த்த ஏழாம் நாள் ரஹ்மத் அக்காவின் போன். வழக்கமாக முதலில் நலம் விசாரிப்பவர், அன்று விசாரிக்கவில்லை.

“டாக்டரு சொன்ன அன்னிக்கு காலையில, வூட்டுக்கு இட்டுகினு வராங்கன்னு சேகர் தம்பி சொன்னிச்சு. வூட்ட தொறந்து, பெருக்கி, கட்டிலை ரயிலு பக்கமா திருப்பிப் போட்டு, தண்ணி புடிச்சி வெச்சிகினு சாயங்காலம் வரைக்கும் உக்காந்துகினு இருந்தேன். வர்ல. இன்னிக்கிதான் தெரியுது ஹோம்ல கீறாருன்னு. இன்னா கீதா இது?”

“இல்லக்கா, கொஞ்சம் தேறினதும்...”

“தேறினதுமா? டாக்டரு வூட்டுக்கு இட்டுகினு போயிடுன்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதாம்மா? நீ இந்த ஊர்ல பொறந்த பொண்ணுதானே?”

தெரியும். பல்லாவரத்தில் பெரியப்பாவுக்கு அந்த வார்த்தையைச் சொன்ன அன்று, வாசலிலேயே பெரியம்மா உட்கார்ந்து அழ ஆரம்பித்ததைப் பன்னிரண்டு வயதில் பார்த்திருக்கிறேன். இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை, அவர் இடத்தில் அவர் கண் மூடட்டும் என்பதை நம் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு ரோஸ் தாள் கிடையாது, கட்டம் கிடையாது. அப்பா மொட்டைமாடியில் கேட்டது எதுவோ அதையேதான் அந்த டாக்டர், அவரை அறியாமலே, கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை நான் கேசரி கிளறிக் கொண்டாடிவிட்டு வேறு விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சேகருக்குச் சொன்னேன், உடனே வீட்டுக்கு மாற்று என்று. ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து நாளை மறுநாள் காலையில் மாற்றுகிறேன் என்றான். வக்கீலும் விசாவும் எக்கேடும் கெடட்டும் என்று அன்றே டிக்கெட் எடுத்தேன். பிராங்க்பர்ட்டில் விமானம் மாற ஐந்து மணி நேரம் இருந்தது. அங்கிருந்து போன் செய்தபோது சேகர் அழுதுகொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வரவேண்டிய காலையிலேயே முடிந்துவிட்டது. எதிரே ஒரு ஜெர்மன்காரர் தன் பையனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்து ஒரு காகிதத் துவாலையை நீட்டி, “கோயிங் ஹோம்?” என்று கேட்டார். ஊரை விட்டுப் பிரிகிற அழுகை என்று நினைத்திருப்பார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்பா வீட்டுக்கு வந்தார். வேனில் வந்தார். நான் போய்ச் சேரும்வரை ரஹ்மத் அக்கா திருப்பிப் போட்ட கட்டிலில், தண்டவாளத்தைப் பார்த்தபடி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். காரியம் முடிந்து மூன்றாம் நாள் அந்த ஹோமுக்குப் போனேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடம், சுத்தமான இடம். குறை சொல்லக் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவரைப் பார்த்துக்கொண்ட பெண் இருபத்தைந்து வயதுக்காரி, கண் கலங்கிப் பேசினாள். “ஒரு தொந்தரவும் இல்லைங்க. வண்டி சத்தம் கேட்டா மட்டும் டம்ளரால கட்டில் கம்பியில ரெண்டு தட்டு தட்டுவாரு. ஏன் தாத்தான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாரு. கடைசி அன்னிக்கி காலையில ரெண்டு தட்டினாரு, மறுபடியும் ரெண்டு, மறுபடியும் ரெண்டு. தண்ணி கேக்கறாருன்னு நெனச்சி குடுத்தேங்க. வாங்கிக்கல.”

நான் அவளுக்கு அர்த்தம் சொல்லவில்லை. தெரிந்து அவளுக்கு என்ன ஆகப் போகிறது? அவர் தண்ணீர் கேட்கவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன், உள்ளே விட்டுவிட்டார்கள். நான் பயந்த விசாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அடுத்த பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மார்ஜரியின் திரை ஏறவில்லை. எட்டரை வரை நின்று பார்த்தேன், எட்டரைக்குச் சாவியை எடுத்தேன். படுக்கையறையில் அவருக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. அவசர எண்ணுக்குப் போன் செய்ததும் நான்கு நிமிஷத்தில் இரண்டு பேர் மருந்துப் பெட்டியும் ஸ்ட்ரெச்சருமாக ஓடிவந்தார்கள். நான் ரோஸ் தாளை நீட்டினேன். அவர்களில் மூத்தவர் வாசித்தார், பெட்டியைக் கீழே வைத்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு மார்ஜரியின் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், மார்ஜரி. எங்கும் போகவில்லை” என்றார். மகன் அரிசோனாவிலிருந்து வந்து சேரும்வரை, மறுநாள் மதியம்வரை, உயிர் இருந்தது. வலி தெரியாமல் இருக்க ஒரு நர்ஸ் வந்து மருந்து கொடுத்துப் போனாள். எனக்கு வந்தது துக்கம் இல்லை, பொறாமை. யாரோ ஒருத்தியின் தாளை இவ்வளவு ஒழுங்காக எடுத்து நீட்டிய இதே கைதான் அந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் தட்டியது என்று நினைத்தபோது அந்த வீட்டிலேயே உட்கார முடியவில்லை.

போன மாதம் என் டாக்டர் எனக்கும் ஒரு படிவம் கொடுத்தார். ரோஸ் தாள் இல்லை, அது நோயாளிகளுக்கு. இது வயது ஏறுகிற எல்லாரும் முன்கூட்டியே எழுதி வைப்பது. கடைசி நாட்களில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு வரி. பேனா அங்கே நின்றுவிட்டது. அந்த இங்கிலீஷ் வார்த்தையை நான் இப்போது எழுதுவதில்லை, எஸ்.எம்.எஸ்.ஸில்கூட இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் வீடு என்றே தட்டுகிறேன். எண்ணிப் பார்த்தேன், இங்கிலீஷ் எழுத்தில் வீடுக்கு ஐந்து, ஹோமுக்கு நாலு. ஓர் எழுத்து அதிகமாகத் தட்டியிருந்தால் போதும். படிவத்திலும் அப்படியே வீடு என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, மிகவும் மரியாதையாக, “வீடு என்பது இந்தப் பக்கத்தில் இருக்கும் ஹோமா? முகவரி இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன்” என்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பாக்கலாம் என்பதற்கு இங்கிலீஷ் அதுதான்.

தாம்பரத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி ரஹ்மத் அக்காவிடம் இருக்கிறது. வாரம் ஒரு முறை பெருக்குகிறார், தினமும் இருட்டியதும் வாசல் விளக்கைப் போடுகிறார். கட்டிலை இன்னும் திருப்பிப் போடவில்லையாம், “நீயே வந்து திருப்பிக்கோ” என்கிறார். இங்கே மார்ஜரியின் சாவி என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. மகன் திரும்பக் கேட்கவில்லை, வீட்டை விற்பதற்குப் பலகை நட்டுவிட்டுப் போய்விட்டான். அவர் போனதிலிருந்து நான் காலை எட்டு மணிக்கு என் ஜன்னல் திரையை மேலே ஏற்றுகிறேன். அந்த நேரத்தில் தாம்பரத்தில் இரவு, உள்ளே யாருமில்லாத எங்கள் வீட்டு வாசலில் எனக்காக விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இங்கே நான் திரையை ஏற்றிவிட்டு, கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எதிர் ஜன்னலில் வெள்ளைத் திரை கீழே இறங்கியே இருக்கிறது. என்னுடையது ஏறியதா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.